பிரெஞ்சு விளையாட்டுப் பெட்டி: பத்து வாரம் விளையாடிய பிறகு

பத்து வாரங்கள் வீட்டில் வைத்து விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகவே பிரெஞ்சுச் சொற்களைப் பழக்கும் பெட்டி என்று மூடியில் போட்டிருக்கிறார்கள். என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பெயருக்கும் பிரெஞ்சுக்கும் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் குடும்பம் பிரெஞ்சு பேசும் நாட்டில் இருக்கிறது. அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. வீடியோ அழைப்பு வந்தால் "அத்தை, பாப்பாவைக் காட்டுங்க" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவளிடம் பிரெஞ்சில் ஆரம்பித்துவிடுவார்கள். முகத்தைக் கையால் மூடித் திறந்து "குக்கூ!" என்பார்கள். நாம் குழந்தையிடம் ஒளிந்து காட்டி விளையாடும்போது சத்தம் கொடுப்போமே, அதற்கு அவர்கள் ஊரில் குக்கூ. இவள் சிரிப்பாள், ஆனால் திருப்பிச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது. நாலு சொல்லாவது இருக்கட்டும் என்றுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன். நான் கல்லூரியில் மூன்று வருடம் பிரெஞ்சு படித்தவள். இலக்கணம் கொஞ்சம் போய்விட்டது, உச்சரிப்பு இன்னும் கையில் இருக்கிறது.

உள்ளே கையில் மாட்டிக்கொள்ளும் துணி முயல் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள் 5, மரக்கட்டைகள் 6, துணிப்பந்து ஒன்று, பட அட்டைகள் 40, 24 பொத்தான்கள் வைத்த ஒலிப்பலகை, பெற்றோருக்கு ஒரு சின்னக் கையேடு. இவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டால் என் பதில் தெளிவாக இருக்கிறது. முயலும் கிண்ணங்களும் தங்கம். கட்டைகள் பரவாயில்லை. அட்டைகள் இந்த வயதுக்கு வேண்டாம். ஒலிப்பலகையில் குறை இருக்கிறது.

முதல் வாரம் அட்டைகளில்தான் தொடங்கினேன். பெட்டியில் அதிக இடம் பிடித்திருப்பது அவைதானே. தினமும் ஐந்து அட்டை, பூனையைக் காட்டி "லெ ஷா", பசுவைக் காட்டி "லா வாஷ்", அப்புறம் "இது என்ன சொல்லு?" மூன்றாம் நாள் நான் அட்டைக் கட்டை எடுத்தவுடன் அவள் எழுந்து வேறு பக்கம் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. படத்தில் இருக்கும் பூனை ஓடாது, ஒளியாது, கூப்பிட்டால் வராது. அதன் பெயரைச் சொல்வதால் அவளுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. நான் "சபாஷ்" சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டுக் கிண்ணங்களைக் கவிழ்த்துக் கோபுரம் கட்டினோம். ஒவ்வொன்றாக வைக்கும்போது "அன், தெ, த்ருவா" என்று எண்ணினேன். ஐந்தாவது கிண்ணம் வைத்ததும் கோபுரம் ஆடியது. அவள் விரலால் தட்டினாள். விழுந்தது. "தோம்ப்!" என்றேன். விழுகிறது என்று அர்த்தம். அவள் என் வாயையே பார்த்தாள். மறுபடி கட்டினேன். நாலாவது கிண்ணத்தோடு கையை நிறுத்தி, "ஆன்கோர்?" என்று கேட்டேன். இன்னும் வேண்டுமா, மறுபடியுமா என்று இரண்டுக்கும் பிரெஞ்சில் அந்த ஒரே சொல்தான். பதில் வரும்வரை கையை அசைக்கவில்லை. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு "ஆகோ!" என்றாள். அன்றைக்குக் கோபுரம் பதினெட்டு முறை விழுந்தது. நான் எண்ணினேன்.

இந்தக் கையை நிறுத்தும் வித்தை கையேட்டின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. "சொல்லைச் சொல்லிவிட்டு ஐந்து நொடி காத்திருங்கள், நீங்களே பதில் சொல்லாதீர்கள்" என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்காகவே அந்தக் கையேட்டை எழுதியவரைப் பாராட்டுகிறேன். பெரியவர்களான நமக்கு ஐந்து நொடி மௌனம் மிக நீளமாகத் தெரியும். குழந்தைக்கு அது வாயைத் திறக்கக் கிடைக்கும் நேரம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த சொற்களெல்லாம் இப்படி ஏதாவது ஒன்று நடக்கும் இடத்தில் வந்தவைதான். அலமாரிக் கதவு, பெட்டி மூடி, குடை எல்லாவற்றிலும் "ஊவ்ர்" என்றால் திறப்போம், "ஃபெர்ம்" என்றால் மூடுவோம். குளிக்கும்போது கிண்ணங்கள் தொட்டியில் மிதக்கும். தண்ணீர் நிறைந்தால் "ப்ளேன்", கவிழ்த்துக் காலியானால் "வீத்". தூங்கப் போகும்போது முயலைப் படுக்க வைத்து "தோதோ". தூக்கத்துக்குப் பிரெஞ்சுக் குழந்தைகள் சொல்லும் மழலைச் சொல் அது, நம் "சாச்சி" மாதிரி. ஒரு நாள் நான் வேறு வேலையாக இருந்தபோது அலமாரி முன்னால் போய் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து "ஊவ்" என்றாள். பெட்டி அந்த அறையிலேயே இல்லை. அப்போதுதான் இது அவளுக்குச் சொந்தமான சொல் ஆகிவிட்டது என்று நம்பினேன்.

துணி முயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கையில் மாட்டினால் முயல் தலையாட்டும், காதைச் சாய்க்கும். கையேடு ஒரு யோசனை சொல்கிறது: முயலுக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பிரமாதமாக வேலை செய்தது. நான் அம்மா, நான் தமிழ் பேசுவேன். முயல் பேசினால் பிரெஞ்சுதான். அவள் முயலிடம் "பந்து தா" என்றால் முயல் காதைச் சாய்த்துக் குழம்பி நிற்கும். "பலோன்" என்றால் உடனே பந்தைக் கொடுக்கும். அப்பா, அம்மா இருவரும் தமிழே பேசும் வீட்டில் பிரெஞ்சு பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அந்தக் காரணத்தை முயல் கொடுத்துவிடுகிறது. என் அம்மாகூட முயலை மாட்டிக்கொண்டு "குக்கூ" என்று திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். பாட்டிக்கும் பேத்திக்கும் இப்போது மாலை நேரத்து விளையாட்டு அது. "ஊ ஏ லெ லப்பேன்?" என்றால் முயல் எங்கே என்று கேட்பது. அம்மாவுக்கு அந்த முழு வாக்கியமும் மனப்பாடம்.

'பலோன்' என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவள் முதலில் பந்தைத் தள்ளிவிட்டு அறை முழுக்கப் பலூனைத் தேடினாள். பிரெஞ்சில் பெரிய பந்துக்கும் பலூனுக்கும் ஒரே சொல்தான், அதனால் இரண்டையும் காட்டிச் சொன்னேன், சரியாகிவிட்டது. இப்படித் தமிழ் வீட்டுக்கென்றே சில இடறல்கள் இருக்கின்றன. பெட்டி செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. குடும்ப உறுப்பினர் அட்டைகளைத்தான் சொல்கிறேன். அப்பா படம் போட்ட பொத்தானை அழுத்தினால் ஒலிப்பலகை "பாப்பா" என்கிறது. பிரெஞ்சில் அப்பாவுக்கு அதுதான் பெயர். என் மகள் உடனே தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அத்தை, சித்தி போன்ற உறவுக்குப் பிரெஞ்சுக் குழந்தைகள் சொல்வது "தாதா". அந்த அட்டையில் ஓர் இளம்பெண்ணின் படம். பலகை "தாதா" என்றதும் இவள் எழுந்து போய் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். "என்னடி இது, அப்பாதான் பாப்பாவா, அத்தைதான் தாத்தாவா?" என்று கேட்டார் அம்மா. நியாயமான கேள்வி. உறவுச் சொற்கள் ஒரு குழந்தை முதலில் பற்றிக்கொள்ளும் சொற்கள், அவற்றைக் குழப்பக் கூடாது. அந்த ஆறு அட்டைகளையும் மொத்தமாக எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். தமிழ் வீடுகளில் எல்லோருமே அப்படிச் செய்வது நல்லது.

இடறல் இருப்பதுபோல நமக்கென்று சில வசதிகளும் இருக்கின்றன. பிரெஞ்சு என்றாலே மூக்கால் பேச வேண்டும், கஷ்டம் என்று பயப்படுவார்கள். நாம் நாள் முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். "வந்தேன்" என்று எழுதினாலும் பேச்சில் கடைசி 'ன்' நாக்கில் முழுதாக ஒட்டாமல் மூக்கோடு முடிந்துவிடுகிறது இல்லையா? 'லப்பேன்' என்ற முயலின் கடைசி ஒலி ஏறக்குறைய அதுதான். "மரம்" என்பதைப் பேச்சில் "மரோ" என்று மூக்கில் இழுத்து முடிப்போமே, 'பலோன்' முடிவது அப்படி. "நான்" என்பதைப் பேச்சில் சொல்லுங்கள், அம்மாவைக் கூப்பிடும் 'மமான்' அங்கே வந்துவிட்டது. இன்னொன்று, பிரெஞ்சில் வரும் 'த' நம் 'த' போலவே பல்லில் நாக்கு பட்டு வருவது. ஆங்கிலம் படித்த பழக்கத்தில் நாம் எல்லாவற்றையும் 'ட' ஆக்கிவிடுகிறோம். கையேட்டில் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் கொடுத்திருப்பதால், பார்த்துப் படிக்கும் எல்லோரும் "டோம்ப்" என்றுதான் சொல்வார்கள். என் கணவரும் அப்படித்தான் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு அவர் உச்சரிப்பு ஒரே நாளில் மாறிவிட்டது.

தமிழ் எழுத்து கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் பிரெஞ்சில் இரண்டு சொற்கள், தமிழில் எழுதினால் இரண்டுமே "தெஸு". வித்தியாசம் கடைசி உயிரில் மட்டும். கீழே என்றால் நம் சாதாரண 'ஊ'. மேலே என்றால் உதட்டை 'ஊ' போலக் குவித்து வைத்துக்கொண்டு நாக்கால் 'ஈ' சொல்ல வேண்டும். முயலை நாற்காலி மேலும் கீழும் வைத்து விளையாடச் சொல்கிறது கையேடு. உச்சரிப்பில் உறுதியில்லாத பெற்றோர் இந்த விளையாட்டைத் தள்ளிவைப்பது நல்லது. அர்த்தத்தில் நேர்எதிரான இரண்டு சொற்களைக் குழந்தை ஒரே சொல்லாகக் கேட்கும்.

பெட்டியில் எனக்கு உண்மையான மனக்குறை ஒலிப்பலகை மீதுதான். குரல் நல்ல குரல், ஒரு பெண்மணி தெளிவாகவும் அன்பாகவும் சொல்கிறார். ஆனால் பொத்தானை அழுத்தியதும் ஒலி கிளம்ப ஒரு கணம் தாமதமாகிறது, சொல்லின் தொடக்கம் விழுங்கப்பட்டுவிடுகிறது. "லா வாஷ்" என்பது "வாஷ்" என்று வருகிறது, "லெ ஷா" என்பது "ஷா" என்று. இது சின்னக் குறை இல்லை. பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. நமக்கு மேசையும் 'அது', கதவும் 'அது', பூனையும் 'அது', அஃறிணை என்று முடிந்துவிடும். அவர்களுக்கு அப்படி இல்லை, முன்னால் வரும் 'லெ', 'லா'தான் பாலைக் காட்டுகிறது. குழந்தை அந்த விதியைப் படிக்கப் போவதில்லை. முழுச் சொல்லாகவே காதில் விழுந்து பழக வேண்டும். பிரெஞ்சுக் குழந்தைகளே முன்னொட்டையும் சொல்லையும் சேர்த்து விழுங்கித்தான் கற்கிறார்கள். கரடி 'ஊர்ஸ்', ஒரு கரடி என்றால் 'அன்நூர்ஸ்', அதைக் கேட்டுவிட்டு மழலைகள் கரடியையே 'நூர்ஸ்' என்பதுண்டு. அந்தச் சிறு ஒலி அவர்கள் காதில் அவ்வளவு நன்றாக விழுகிறது. அதை வெட்டிவிடும் ஒலிப்பலகையால் என்ன பயன்?

நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, மாற்றுப் பலகையும் அனுப்பினார்கள். அதிலும் அப்படித்தான். கடைசியில் அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் முப்பது சொற்களை, லெ, லா எல்லாம் சேர்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசிப் பதிவு செய்து அனுப்பினான். "அத்தை, வாத்து சத்தமும் போட்டிருக்கேன்" என்றான். பிரெஞ்சு வாத்து "குவேன் குவேன்" என்கிறது. சேவல் "கொகொரிகோ", நம் கொக்கரக்கோவுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! பாப்பா சேவலுக்கு இரண்டையும் கலந்து ஒன்று கூவுகிறாள்.

ஆனால் பதிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது துணைதான். 2003-ல், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா கூல் என்பவரின் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் அவர்கள். ஒரு பிரிவினரோடு மாண்டரின் சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து விளையாடினார், கதை படித்தார், மொத்தம் 12 முறை. இன்னொரு பிரிவுக்கு அதே ஆளை, அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள், திரையில் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதைக் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன், வீட்டில் கண்ணால் பார்த்தது இப்போதுதான். ஒலிப்பலகையில் நூறு முறை கேட்ட 'வாஷ்' அவள் வாயில் வரவில்லை. கிண்ணத்தோடு கையை நிறுத்தி நான் கேட்ட 'ஆன்கோர்' ஒரே நாளில் வந்தது. பெட்டியோடு காணொளிகளுக்கும் ஒரு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் திறக்கவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கும் கொஞ்சத் திரை நேரமும் அண்ணன் பிள்ளைகளின் அழைப்புக்குத்தான். அங்கே பேசினால் பதில் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விடைபெற்றபோது பாப்பா திரையைத் தட்டி "ஆன்கோர்" என்றாள். அண்ணன் மகள் மறுபடி முகத்தை மூடிக்கொண்டாள்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். முயலின் கண்கள் நூலால் தைத்தவை, நல்ல விஷயம். வால் மட்டும் ஒரு சின்ன நூல்பந்து. மூன்றாம் வாரம் அது தளர்ந்து தொங்கியது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் சிறு பாகங்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழலைப் பயன்படுத்துவார்கள், அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடும். இந்த வால் கழன்று வந்தால் அதற்குள் தாராளமாக அடங்கும். நான் வெட்டி எடுத்துவிட்டுத் துணியில் ஒரு வால் தைத்துவிட்டேன். வாங்குபவர்கள் குழந்தை கையில் கொடுக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். ஒலிப்பலகையில் இருப்பது பொத்தான் பேட்டரி, அதன் மூடிக்குத் திருகாணி போட்டிருக்கிறார்கள். அந்தத் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும் சாமான் அது.

நிறக் கட்டைகளை நிறம் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்தவில்லை. நிறப் பெயர்கள் தாய்மொழியிலேயே மெதுவாகத்தான் வரும், அதற்குள் பிரெஞ்சில் கேட்டு நெருக்க வேண்டாம்.

கணக்குப் பார்த்தால் இந்தப் பத்து வாரத்தில் அவள் தானாகச் சொல்லும் பிரெஞ்சுச் சொற்கள் பதினொன்று. கேட்டால் புரிந்து செய்வது இன்னும் ஒரு பத்து. "பந்து ஆன்கோர்" என்று இரண்டு மொழியையும் சேர்த்துச் சொல்கிறாள், அதை நான் திருத்துவதில்லை. அவள் தமிழுக்கு எந்தக் குறையும் வரவில்லை. இந்தப் பத்து வாரத்தில்தான் "ஏன்" என்று கேட்கவும் ஆரம்பித்திருக்கிறாள்.

பிரெஞ்சு கொஞ்சமாவது தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அல்லது பேசிப் பதிந்து அனுப்ப ஒரு சொந்தக்காரர் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். யாருக்குமே தெரியாது, பலகையே சொல்லிக்கொடுத்துவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள், பலகையில் அந்தக் குறை சரியாகும்வரை பொறுத்திருங்கள். முயலுக்கும் கிண்ணத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. பலகைக்கும் அந்த வாலுக்கும் குறைத்துக்கொண்டு, மொத்தப் பெட்டிக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன்.